நாகலெட்சுமிக்கு ஒரு பாஸ்போர்ட்

படத்தில் இருந்த காதுகளில் துளை இல்லை.

தலவாக்கலை ஸ்டூடியோவில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். மழை கூரைத் தகரத்தில் கொட்டி, வாசல் படியைக் கழுவி, நனைந்த குடைகளின் வாடையையும் பக்கத்துக் கடையில் பொரியும் வடையின் எண்ணெய் வாடையையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. இந்திய விசாவுக்கு என்றதும் படம் பிடிப்பவர் பூரணியைத் தோட்டைக் கழற்றச் சொன்னார். இரண்டு காதும் தெரிய முடியை ஒதுக்கச் சொன்னார். சிரிக்கக் கூடாது என்றார். சிரிக்க அவளிடம் மூச்சு மிச்சமில்லை. பஸ் நிலையத்தில் இருந்து அதுவரை நடந்ததற்கே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கதவைத் தட்டுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் இடம் பிடித்து, உறையைப் பிரித்தபோதுதான் பார்த்தாள். நாலு சின்னப் படங்கள். நாலிலும் அவள் முகம். முகத்தின் இரண்டு பக்கமும், மாவை உருட்டி ஒட்டியதுபோல மொழுமொழுவென்று, ஒரு ஊசிகூடப் படாத காதுகள்.

கையை உயர்த்தித் தடவினாள். துளை இருந்தது, விரலுக்குத் தட்டுப்பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி மறுபடி மழைக்குள் நடந்து போய்க் காட்டினாள்.

"லைட் விழுந்தா அப்பிடித்தாங்க," என்றார் அவர், படத்தைக் கையில் வாங்காமலே. "விசா குடுக்கிறவன் மூஞ்சியப் பாப்பானா, காது ஓட்டைய எண்ணுவானா?"

அவள் படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் நாகலெட்சுமி. அவள் பூரணி.

நாகலெட்சுமி அவளுக்கு முன்னால் பிறந்த அக்கா. ஒன்றரை வயதில், காது குத்துவதற்கு நாள் பார்த்து வைத்திருந்த மாதத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது பூரணி பிறந்து இருபது நாள். தேயிலைத் தோட்டத்து ஆளுக்கு ஒரு பிறப்புப் பத்திரம் எடுப்பதென்றால் அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதம் வேண்டும், டிஸ்பென்சரித் துண்டுச்சீட்டு வேண்டும், பதிவுகாரர் வாசலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். கையில் ஒரு பத்திரம் இருந்தது. வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. அப்பா மாயாண்டி இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார். அந்தச் சாவைப் பதியவில்லை. இந்தப் பிறப்பையும் பதியவில்லை.

ஆக, காகிதத்தில் நாகலெட்சுமி சாகவே இல்லை. பூரணி பிறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள், அடையாள அட்டை எடுத்தவள், ஓட்டுப் போட்டவள், கணேசமூர்த்தியைக் கட்டியவள், தனுஷிகாவைப் பெற்றவள் எல்லாம் நாகலெட்சுமிதான். முப்பத்தைந்து வருடம் இது யாருக்கும் ஒரு விஷயமாகத் தெரியவில்லை. தோட்டத்தில் இப்படி எத்தனையோ பேர். அவளுடைய இதயத்தின் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தால் அடுத்த வருடம் ஆகும், அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், மதுரையில் இருந்து ஒரு மருத்துவமனையின் கடிதம் வந்தது. நாகலெட்சுமியின் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றிக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

அந்தக் கடிதம் வந்த நாளில் இருந்து தோட்டத்து வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்தில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அவள் குடம் நிரம்பும் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் முதுகைத் திருப்பியதும் அடுத்த காம்பரா வீட்டுப் பெண், காதில் விழட்டும் என்றே, "செத்த பிள்ளையோட பேர்ல பிளேன் ஏறப் போறாளாம். அது சும்மா விடுமா," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

வீட்டிலும் அதே அமைதிதான். அம்மா ராசம்மா பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாது. கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்துப் போன விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவி, "இதுல அவ பேரா இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பூரணி. அதற்குப் பிறகு ராசம்மா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேண்டுமென்றால் "இந்தா" என்பாள். மற்ற நேரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஈர மிலாறு விறகு புகைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விசா வந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்று காலை தோடு உள்ளே போகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்தாள், ரத்தம்தான் வந்தது. துளை இருந்த இடத்தில் மெல்லிய புதுத்தோல் மூடியிருந்தது. கண்ணாடிக்குள், அவளுக்குப் பின்னால், ராசம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பூரணி பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்துக்குப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளை மாலை வரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. நோய் வந்த பிறகும் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலையாக இருந்ததால் விடவில்லை. பத்து வருடத்தில் அவளுக்குப் பிள்ளைகளின் சத்தங்கள் அத்துப்படி. பசிக்கு அழுவது வேறு, பிடிவாதத்துக்கு அழுவது வேறு. தூக்கத்தில் இல்லாத பாலைச் சப்பும் சத்தம் ஒன்று இருக்கிறது. நாக்கும் அண்ணமும் ஒட்டிப் பிரியும் ஈரமான, திருப்தியான சத்தம்.

அந்தச் சத்தத்தை அவள் அன்று மாலை தன் வீட்டில் கேட்டாள்.

மின்சாரம் இல்லை. மேகம் லயத்துக்குள் இறங்கி, கதவு இடுக்கு வழியாக இஸ்தோப்புத் திண்ணைக்கும் முன் அறைக்கும் வந்திருந்தது. டர்பன்டைன் மரத்து வாசனையோடு, குளிர்ந்த சாம்பல் வாசனையோடு. தனுஷிகா பள்ளிக்கூடத்துத் தோழி வீட்டில் இருந்தாள். ராசம்மா பீலிக்குப் போயிருந்தாள். உள் அறையில், இரும்புப் பெட்டி இருக்கும் பக்கத்தில், அந்தச் சத்தம். ஒரு சப்பல். நிறுத்தம். மறுபடி ஒரு சப்பல். பிள்ளையின் சத்தம்தான், ஆனால் பிள்ளையின் வாயில் இருந்து வருகிற அளவில் இல்லை. கனமாக இருந்தது. ஒரு பெரிய நாக்கு.

அவள் போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதும் நின்றுவிட்டது. பெட்டியின் மேல் பயணக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறை கிடந்தது. அவள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். உறையின் ஒரு மூலை எச்சிலில் நனைந்திருந்தது. பாஸ்போர்ட்டின் அட்டையில் பல் பதிந்திருந்தது.

மேலே நாலு. கீழே நாலு. நடுவில் இடைவெளி. கடவாய்ப் பல் இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளும் பிள்ளைகளின் கையில் எத்தனையோ தடவை பார்த்த அடையாளம். பார்த்த உடனே வயது சொல்லிவிடுவாள். ஒன்றரை.

ஆனால் அந்த எட்டுப் பல்லும் அகலமாக விரிந்து கிடந்தன. அவ்வளவு அகலமான வாய் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. அட்டையின் மூலையை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். வளைவு சரியாகப் பொருந்தியது.

கணேசமூர்த்தி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அவளோடு மதுரைக்குப் போவதற்காக, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் லீவு போட்டு வந்து சேர்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காது, சத்தம், பல். அவர் பாஸ்போர்ட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலி கடித்ததற்கு இவ்வளவு கதையா என்றார். நெஞ்சு நோயில் மூளைக்கு ரத்தம் குறைந்தால் இப்படியெல்லாம் தோன்றும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அங்க போய் பேரு அக்காவோடது அது இதுன்னு ஒளறிராத. அப்பிடியே திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் இந்தப் பிள்ளைக்கு நீ இல்ல, வெளங்குதா?"

விளங்கியது. ஆறு வயது தனுஷிகா இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இந்த நெஞ்சு வேண்டும். வேறு எதற்கும் இல்லை.

கணேசமூர்த்தியின் கவலை வேறு ஒன்று. விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில்கூட பூரணி என்றே கூப்பிட்டுப் பழகிய இவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அதனால் பழக்கினார். பையைக் கட்டிக்கொண்டே, சாமானை அடுக்கிக்கொண்டே, எதிர்பாராத நேரத்தில் முதுகுக்குப் பின்னால் இருந்து, "நாகலெட்சுமி!" என்பார். அவள் முதல் தடவை திரும்பவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் தாமதித்துத் திரும்பினாள். அடுப்படியில் ராசம்மாவின் கையில் இருந்த தட்டு தரையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டுக்குள் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை.

மூன்றாம் தடவை அவர் குனிந்து பையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாகலெட்சுமி!"

"ஆ."

"அப்பிடித்தான்," என்றார் அவர் நிமிராமல். "டக்குனு பதில் வரணும்."

பூரணி வாயைத் திறக்கவில்லை. சத்தம் உள் அறையில் இருந்து வந்தது. அடுப்படி வாசலில் ராசம்மா நின்றாள். அவள் கண்கள் உள் அறையின் இருட்டையே பார்த்தன. அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் பூரணிக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை தனுஷிகாவைக் குளிப்பாட்டும்போது தோள்பட்டையில் பார்த்தாள். எட்டுப் பல். நீலம் பாரித்திருந்தது.

"யாரு கடிச்சா?"

பிள்ளை அவளை விசித்திரமாகப் பார்த்தது. "நீதானேம்மா."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். நீ கட்டில்ல உக்காந்திருந்த. கூப்பிட்டேன், நீ பேசவே இல்ல. சிரிச்ச. அப்புறம் கடிச்ச." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலிச்சிச்சி. நான் அழுதா நீ இன்னும் சிரிப்பேன்னு அழுவல," என்றது.

நேற்று அந்த நேரம் பூரணி பிள்ளைக்காம்பராவில் சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

துண்டால் பிள்ளையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை ஐந்தரைக்கு வேன். அது வரைக்கும் பிள்ளையைக் கையை விட்டு இறக்கக் கூடாது என்று நினைத்தாள். தனுஷிகா பிளேன் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வருவதாக ஏற்பாடு. இரவே வேன்கார அன்டனோடு திரும்பிவிடுவாள். அது நல்லதுதான் என்று தோன்றியது. இந்த வீட்டை விட்டுக் கொஞ்ச நேரமாவது.

மத்தியானம் ராசம்மா தானாகப் பேச ஆரம்பித்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கணேசமூர்த்தியும் பிள்ளையும் முன் அறையில் இருந்தார்கள்.

"அவளப் பொதைக்கும்போது நான் அழுதேன்," என்றாள். "பேரச் சொல்லி அழாதடின்னு உங்கப்பன் வாயப் பொத்துனாரு. பேரு வேணும், பத்திரம் வேணும், ஊரு கேட்டா தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காதுக்குப் போயிரும்னாரு. பேரு சொல்லாம எப்பிடி அழுவறது? வாய்க்குள்ள ஒரு பேரு வரணுமே."

பூரணி காத்திருந்தாள். வெளியே மழைத்துளி தகரத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொட்டியது. 

"மடியில நீ கெடந்த. ஒன் பேரச் சொல்லி அழுதேன். பூரணி, என்னப் பெத்தவளே பூரணி, மண்ணுக்குப் போறியேன்னு. நாலு பொம்பளைங்களும் கூடச் சேந்து அதச் சொல்லித்தான் அழுதாங்க. மண்ணு போடும்போதும் அதே பேருதான்."

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு.

"எழவு ஒனக்குத்தான் நடந்துச்சி. அவளுக்கு ஒண்ணும் நடக்கல. அவ போகணும்னு அவகிட்ட யாருமே சொல்லல."

காகிதத்தில் பிறக்காதவள். ஒப்பாரியில் செத்தவள். பூரணி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இது யாருடைய கை என்று ஒரு கணம் உண்மையாகவே தெரியவில்லை.

போகும் வழியில் புதைத்த மேட்டுக்குப் போகலாம் என்றாள் ராசம்மா. ஒரு சொட்டுப் பால் ஊற்றி, சரியான பெயரைச் சொல்லி அழுதால் அவள் போய்விடுவாள். இதுவரை செய்யாததைச் செய்துவிடலாம். பூரணி சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்.

மழையில் லயத்துப் பாதை அறுந்திருந்ததால் அன்டன் வேனைக் கீழே தார் ரோட்டில் நிறுத்தியிருந்தான். அம்மாவோடு ஒரு நிமிடம் மேட்டில் நின்று வருவதாகச் சொன்னபோது கணேசமூர்த்தி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிள்ளை ஓடி ஓடிக் களைத்து அவர் தோளில் ஏறியிருந்தது. பூரணி அதன் காலைத் தொட்டாள். "வேன்ல இரும்மா, வந்துர்றேன்," என்றாள். காலை விட்டாள்.

மேகம் மலைக்குள் முழுவதுமாக இறங்கியிருந்தது. தேயிலைச் செடிகள் நாலு வரிசைக்கு அப்பால் இல்லை. நீலக் கம்பளிச் சட்டைக்குள் அவளுக்கு வியர்த்தது. பத்து அடி நடந்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பத்து அடி. ராசம்மா பால் டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு முன்னால் போனாள். மேட்டில் கல் ஒன்றும் இல்லை. செடி நடாமல் விட்ட ஒரு துண்டு நிலம். பன்னல் செடி மண்டிக் கிடந்தது. ஈர மண்ணின் வாடை.

ராசம்மா குந்தி உட்கார்ந்தாள். இடது கையால் பூரணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாலை ஊற்றினாள். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. அழுவதற்காக வாயைத் திறந்தாள்.

அழுகை வரவில்லை. நேரம் போனது. கீழே வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

பிறகு மெல்ல, விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல, சொன்னாள்.

"நாகலெட்சுமி."

"ம்மா."

ரோட்டில் இருந்து. தடித்த, வளர்ந்த குரல். அந்த ஒரு சொல்லை மட்டும் தெரிந்த குரல்.

வேனின் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது.

"ஏறிட்டியா?" கணேசமூர்த்தியின் குரல், முன் இருக்கையில் இருந்து. "சரி அன்டன், எடு."

காற்று மேகத்தை ஒரு பக்கம் தள்ளியது. கீழே வேன். உள்ளே விளக்கு. பின் இருக்கையில் ஜன்னலோரம் ஒரு பெண். நீலக் கம்பளிச் சட்டை. அவள் முகம். பூரணியின் முகம்.

தனு. சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். சத்தம் வரவில்லை. மூச்சு இல்லை. நெஞ்சு அடித்தது, தப்பியது, அடித்தது. ஓடப் பார்த்தாள்.

மணிக்கட்டில் பிடி இறுகியது.

நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். அவள் இழுத்தாள். விடவில்லை. ராசம்மா அவளைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மற்றக் கையை உயர்த்தி, மெதுவாக, வேனைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவதானே," என்றாள். "அவளும் போயிட்டு வரட்டும்."

வேன் நகர்ந்தது. அந்தப் பெண் மேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு மடியில் இருந்தது மட்டும்தான் வேண்டியிருந்தது. தனுஷிகா அவள் மடியில்.

பிள்ளையைப் பிடிக்கிற பிடி அது இல்லை. அடியில் ஒரு கை இல்லை. முதுகில் ஒரு கை இல்லை. நடக்கத் தொடங்கிய குழந்தைகள் துணிப் பொம்மையைத் தூக்குவதுபோல, கழுத்தை ஒரு கைக்குள் அடக்கி, மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள். மற்றக் கையின் ஒரு விரலால் பிள்ளையின் கண்ணைத் தொட்டாள். மூடுகிறதா. திறக்கிறதா. மறுபடி.

தனுஷிகா முதலில் சிரித்தாள்.

வேன் வளைவுக்குள் போய் மறைந்தது. மேகம் மூடியது. ராசம்மாவின் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கீழ் வளைவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஜன்னல் தெரிந்தது. விளக்கு. உயர்ந்த கை. அதற்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள், வெள்ளைச் சப்பாத்தோடு, வேனின் ஆட்டத்துக்கு ஏற்றபடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.